சொல்லாமல் கிளம்புகிறவர்கள்

ஆவுடையார்கோவில் கல் மண்டபத்தில் அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டு நின்றபோது என் போன் அடித்தது. பக்கத்து வீட்டுச் செந்தில்.

"சித்தப்பா, ஒங்க வீட்டுச் சாவி எங்க இருக்கு?"

"எங்கிட்டத்தான். இடுப்பு பெல்ட்டுல."

"பீரோ சாவி?"

"அதுவும் அதே வளையத்துலதான் கெடக்கு."

செந்தில் ஒரு வார்த்தை சொன்னான். அதைப் பத்திரிகையில் எழுத முடியாது. என்னைச் சொன்னானா, தன்னையே சொல்லிக்கொண்டானா என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

விஷயம் இதுதான். செந்திலுக்குச் சார்ஜாவில் வேலை. லீவு முடிந்து அன்று மத்தியானம் ஒரு மணிக்குத் திருச்சி விமான நிலையத்துக்குக் காரில் கிளம்ப வேண்டியவன். அவனுடைய பாஸ்போர்ட், டிக்கெட், புது ஷூ எல்லாம் அறந்தாங்கியில் என் வீட்டு பீரோவுக்குள் இருந்தன. பீரோ பூட்டியிருந்தது. வீடும் பூட்டியிருந்தது. சாவியோடு நான் ஆவுடையார்கோவிலில் இருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அவன் மகள் தன்ஷிகா நின்றிருந்தாள். வயது ஒன்பது.

அவளுக்குத் தெரியாமல் அவள் அப்பா ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பதற்காகத்தான் நான் அவளைக் கோயிலுக்குக் கூட்டிவந்திருந்தேன். நானும் செந்திலும் அவன் மனைவி சத்யாவும் மூன்று நாள் கூடிக் கூடிப் பேசிப் போட்ட திட்டம். மூன்று பேர் வயதையும் கூட்டினால் நூற்று நாற்பதைத் தாண்டும். அத்தனை வயதில் ஒரு வயதுக்குக்கூடச் சாவியின் ஞாபகம் வரவில்லை.

ஒற்றைச் செருப்பு

போன வாரம் இந்தத் தொடரில் என் ரசத்தைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "தனியாக இருக்கும் பெரியவர், பாவம்" என்று சில பேர் அனுதாபப்பட்டிருக்கிறார்கள். மனைவி போய்ச் சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது என்பது உண்மை. தனியாக இருக்கிறேன் என்பது மட்டும் பாதிப் பொய். சாயங்காலம் நாலரை மணிக்குப் பள்ளிக்கூட வேன் வந்து நின்றதும் என் தனிமை முடிந்துபோகும்.

தன்ஷிகாவை நான் முதன்முதலில் பார்த்தது செருப்பில்லாமல். செருப்பில்லாமல் நின்றது நான்.

கொரோனா ஓய்ந்து இரண்டாவது ஆடியோ மூன்றாவது ஆடியோ, அவர்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தார்கள். செந்தில் அப்போதுதான் லீவு முடிந்து போயிருந்தான். வந்த வாரமே தண்ணீர் மோட்டார் மக்கர் செய்தது. பார்த்துக்கொடுக்கப் போனேன். சத்யா காபி கொடுத்தாள். தலை நரைத்தவர்களுக்கெல்லாம் சர்க்கரை வியாதி என்று அவளுக்கு ஒரு கணக்கு. கஷாயம் மாதிரி இருந்தது. குடித்துவிட்டு வெளியே வந்தால் இடது கால் செருப்பைக் காணோம்.

"நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்மா" என்றேன்.

சத்யாவின் முகம் சுருங்கிவிட்டது. "நாயில்லைங்க. எம் பொண்ணு."

அரிசி டிரம், கட்டிலுக்கு அடி, ஸ்கூட்டர் சீட்டுக்குள் எல்லா இடத்திலும் தேடினோம். கிடைக்கவில்லை. ஒற்றைச் செருப்போடு என் வீட்டுக்கு நடந்தேன். இரண்டு நாள் கழித்து வாஷிங் மெஷினுக்குள் இருந்து அது வெளியே வந்தது. மூன்று தடவை துணியோடு சேர்ந்து சுற்றியிருந்தது. என் செருப்பு அவ்வளவு சுத்தமாக அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

எனக்கு மட்டும் நடந்ததில்லை இது. அந்த வீட்டுக்கு யார் விருந்தாளியாக வந்தாலும் ஒரு செருப்பு காணாமல் போகும். பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த ஓர் அதிகாரி, கம்ப்யூட்டர் அறை வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டு, ஒரு காலில் வெறும் சாக்ஸோடு ஜீப்புக்கு நொண்டியடித்தார் என்று கேள்வி. சத்யாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வகுப்பில் வாயே திறப்பதில்லை, யாராவது "ஒங்கப்பா எங்க?" என்று கேட்டால் கையில் கிடைத்ததை எடுத்து வீசுகிறாள் என்றும் சொன்னார்கள். வாராவாரம் செந்தில் வீடியோவில் வந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

தாயத்து கட்டு என்று சிலர் சொன்னார்கள். ஹாஸ்டலில் சேர் என்றார்கள் சிலர். மதுரையில் ஒரு டாக்டர் இருக்கிறார் என்றார்கள். என்னைக் கேட்டபோது, "கொழுப்பு" என்றேன். யாரைப் பற்றியும் முதலில் அப்படித்தான் சொல்வேன். பிறகு மாற்றிக்கொள்வேன்.

மறுநாள் நானும் சவாலுக்குத் தயாராகிப் போனேன். ஒரு காலில் தோல் செருப்பு, இன்னொரு காலில் ரப்பர் செருப்பு. கதவுக்குப் பின்னால் இருந்து ஒரு குரல்.

"ஏன் தாத்தா ரெண்டும் வேற வேறயா இருக்கு?"

"ஒரே ஜோடியாப் போட்டு வந்தா ஒண்ணை எடுத்துருவ. ஜோடி கெட்டுப்போகும். இப்ப நீ எதை எடுத்தாலும் எனக்குக் கவலையில்லை."

அவள் கொஞ்சம் யோசித்தாள். நானும் ஜெயித்துவிட்ட தெம்பில் உள்ளே போய்க் கஷாயம் குடித்தேன். திரும்பி வந்தால் இரண்டையும் காணோம்.

அன்றைக்குத்தான் எங்களுக்குள் சிநேகிதம் ஏற்பட்டது. வெறுங்காலோடு வெயிலில் துள்ளித் துள்ளி நான் வீட்டுக்கு ஓடியதைப் பார்த்து அவள் சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாயிற்று என்று சத்யா ஜன்னல் வழியே சொன்னாள். என் பாதம் பட்ட பாட்டை அவள் கேட்கவில்லை.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் என் வீட்டில் சீட்டுக்கட்டு. விளையாட்டின் பெயர் கழுதை. தோற்றவர் கழுதை மாதிரிக் கத்த வேண்டும். நான் ஏமாற்றுவேன். அவள் என்னைவிட நன்றாக ஏமாற்றுவாள். தெருவில் என் குரலைக் கேட்டுவிட்டு ஒருவர் கதவைத் தட்டி, "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று விசாரித்திருக்கிறார்.

நானும் அந்தக் கூட்டம்தான்

வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் நிற்கிற வீடுகள் எங்கள் பக்கத்தில் தெருவுக்குப் பத்து உண்டு. அந்த வீடுகளில் எழுதாத சட்டம் ஒன்றும் உண்டு. லீவு முடிந்து அப்பா திரும்பிப் போகும் நாளைப் பிள்ளைகளிடம் சொல்வதில்லை.

பெட்டியை முதல் நாளே யார் வீட்டிலாவது வைத்துவிடுவார்கள். விடியற்காலையில் பிள்ளை தூங்கும்போது அப்பா கிளம்பிவிடுவார். பகலில் கிளம்பினால் பிள்ளையை யாரோடாவது புரோட்டா தின்ன அனுப்பிவிடுவார்கள். திரும்பி வந்து, "அப்பா எங்க?" என்று கேட்டால், "கடைக்குப் போயிருக்காங்க" என்பார்கள். கடைக்குப் போன அப்பா இரண்டு வருஷம் கழித்துத்தான் வருவார்.

இதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. பிள்ளை அழுது ஏங்கிக் காய்ச்சலில் விழும். போகிறவன் மனசு தடுமாறும். எதற்கு வம்பு?

நானும் சவூதியில் லாரி ஓட்டியவன். அங்கிருந்து வாங்கிவந்த பச்சை பெல்ட்டைத்தான் இன்றும் வேட்டிக்கு மேல் கட்டியிருக்கிறேன். நாலைந்து தடவை இப்படித்தான் கிளம்பிப் போனேன். என் மகன் பாயில் குப்புறப் படுத்துத் தூங்குவான். கதவு கிறீச்சிடாமல் இருக்க முதல் நாளே கீலுக்கு எண்ணெய் விட்டுவைப்பேன். அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

அவன் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வான். என் பிரஷரைப் பற்றிக் கேட்பான். நான் அங்கே மழை உண்டா என்று கேட்பேன். மழை உண்டு அல்லது இல்லை என்று தெரிந்துகொண்டு இருவரும் போனை வைத்துவிடுவோம்.

கழுதை மேல் சத்தியம்

இரண்டு வருஷம் கழித்துச் செந்தில் லீவில் வந்தான். முதல் வாரம் தன்ஷிகா அவன் பக்கமே போகவில்லை. அவன் கொண்டுவந்த சாக்லேட்டை என் வீட்டில் வந்து எனக்குக் கொடுத்தாள். நானும் வெட்கமில்லாமல் தின்றேன். இரண்டாவது வாரம் அவன் பைக்கில் முன்னால் உட்கார்ந்தாள். அப்புறம் அவனை விட்டு நகரவில்லை. சீட்டுக்கட்டு சும்மா கிடந்தது. எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பொறாமைதான்.

லீவு முடியப்போகிற சமயம், ஒரு சாயங்காலம் வந்தாள். சீட்டைப் போட்டோம். கையில் உள்ள சீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"தாத்தா, அப்பா போற அன்னைக்கு நான் தூங்கிட்டா என்னை எழுப்பி விடுவீங்களா?"

"ம்."

"ம்னா என்ன? எழுப்பி விடுவீங்களா, மாட்டீங்களா?"

"எழுப்பி விடுறேன்."

"கழுதை மேல சத்தியமா?"

"சத்தியமா."

மறுநாளே செந்திலும் சத்யாவும் வந்தார்கள். செந்தில் உட்காரவே இல்லை.

"சித்தப்பா, அவ அழுதுட்டா நான் காருல ஏற மாட்டேன். என்னைய எனக்குத் தெரியும். இந்தத் தடவை லீவே கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டு வந்தது. சொன்ன தேதிக்குப் போகலைன்னா வேலை இல்லைன்னுட்டான்."

"நீங்க கூப்புட்டா எங்கிட்டு வேணா வருவா மாமா" என்றாள் சத்யா. "கெளம்புற அன்னைக்குக் காலையில ஆவுடையார்கோவிலுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. மத்தியானத்துக்கு மேல வாங்க போதும்."

இதுவரை செருப்பை ஒளிப்பதோடு நிறுத்திக்கொண்டாள், இந்தத் தடவை பாஸ்போர்ட்டில் கைவைத்துவிட்டால் என்ன செய்வது என்று அவர்களுக்குப் பயம். அதனால் பாஸ்போர்ட் பையையும் புது ஷூவையும் என் பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னார்கள். பூட்டினேன். சரியென்று தலையும் ஆட்டினேன்.

சத்தியம் செய்து இருபத்துநாலு மணி நேரம்கூட ஆகவில்லை. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு அப்படி ஒன்றும் இல்லை. பெரியவர்கள் செய்கிற நல்ல காரியம் என்றுதான் நினைத்தேன்.

சாமி எங்கே?

அன்று காலை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவளுக்கு. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். தாத்தாவை யாரும் எங்கேயும் கூட்டிப்போவதில்லை, அதனால் தான் வந்ததாகக் கண்டக்டரிடம் சொன்னாள். கண்டக்டர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

ஆவுடையார்கோவில் கருவறையில் லிங்கம் கிடையாது. லிங்கத்தைத் தாங்கும் பீடமான ஆவுடை மட்டும்தான். அதன் மேல் ஓர் உலோகக் குவளை சாத்தியிருப்பார்கள். இவள் எட்டி எட்டிப் பார்த்தாள்.

"சாமி எங்க தாத்தா?"

"இங்க சாமிக்கு உருவம் இல்லை. ஆவுடைதான் சாமி."

"சாமியும் சொல்லாமப் போயிட்டாரா?"

பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி கண்ணைத் திறந்து எங்களை முறைத்தாள். நான் அவளை இழுத்துக்கொண்டு மண்டபத்துக்கு வந்தேன். கல்லிலே மரக்கட்டை மாதிரி சட்டமும் ஆணியும் செதுக்கியிருக்கிற கொடுங்கையை, கூரையின் சரிந்த விளிம்பை, காட்டினேன். அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் செந்திலின் போன் வந்தது.

"பூட்டை ஒடைச்சுரவா சித்தப்பா?"

"வீட்டுப் பூட்டை ஒடைப்ப. பீரோவை என்ன பண்ணுவ? அந்தக் காலத்து இரும்பு."

"சரி, அங்கேயே இருங்க. விக்னேஷைப் பைக்கில அனுப்புறேன். சாவியைக் குடுத்து விட்டுருங்க. நீங்க ரெண்டு பேரும் வந்துறாதீங்க."

விக்னேஷ், சத்யாவின் தம்பி. போனைப் பெல்ட்டில் செருகினேன்.

"யாரு தாத்தா?"

"தெரிஞ்சவரு."

"அப்பா கொரல் மாதிரி இருந்துச்சு."

"போன்ல எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்."

அவள் தூணில் இருந்த குதிரையின் காலைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"அப்பா இன்னைக்குப் போறாங்களா?"

"இல்லையே" என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது!

"போன தடவை நான் தூங்கலை தாத்தா."

"என்னது?"

"அப்பா போனாங்கள்ல, அன்னைக்கு முழிச்சுத்தான் கெடந்தேன். அப்பா என் காலைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. நான் கண்ணைத் தொறந்தா அழுவேன். நான் அழுதா அப்பா போக மாட்டாங்க. போகலைன்னா வேலை போயிரும்னு அம்மா பேசிக்கிட்டு இருந்தாங்க. அதான் தூங்குற மாதிரியே கெடந்தேன்."

அப்போது அவளுக்கு ஏழு வயது.

"அப்புறம் எதுக்கு என்னைய எழுப்பச் சொன்ன?"

"நீங்க எழுப்பினா நானா முழிச்ச மாதிரி ஆகாதுல்ல? எம் மேல தப்பு இருக்காதுல்ல?"

தூணடியில் உட்கார்ந்தேன்.

"சரி, ஊர்ல உள்ளவங்க செருப்பையெல்லாம் எதுக்கு ஒளிச்சு வைக்கிற?"

"அவங்க போகலைன்னா ஒண்ணும் கெட்டுப்போகாதுல்ல. கொஞ்ச நேரம் இருந்துட்டுத்தான் போகட்டுமே."

"அப்பா செருப்பை?"

"அய்யோ, அதைத் தொட மாட்டேன்" என்றாள், நான் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டது போல.

அவன் ஷூவைப் பீரோவில் பூட்டி வைத்தோமே, பெரிய மனிதர்கள் மூன்று பேர்!

பாயில் குப்புறப் படுத்துத் தூங்கிய இன்னொரு பிள்ளை நினைவுக்கு வந்தான். கீலுக்கு எண்ணெய் விட்டு நான் திறந்த கதவு நினைவுக்கு வந்தது. அவன் தூங்கித்தான் இருந்தானா? இன்று வரை அவனிடம் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் வரவில்லை. இந்தத் தொடரை அவன் வாராவாரம் படிக்கிறான் என்று மருமகள் சொல்கிறாள். படித்தால் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காதேடா.

"தனு" என்றேன். "தாத்தா பொய் சொல்லிட்டேன். அப்பா இன்னைக்குத்தான் போறாங்க. ஒரு மணிக்குக் காரு."

அவள் அழவில்லை. என் கையில் இருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள்.

"நீங்க கழுதை" என்றாள்.

"ஆமா" என்றேன்.

மூன்று பேர், ஒரு பைக்

கோயில் வாசலில் விக்னேஷ் பைக்கை நிறுத்தாமலே கையை நீட்டினான். "சாவியைக் குடுங்க மாமா, நேரமாச்சு."

"சாவி பெல்ட்டுல இருக்கு. பெல்ட்டு என் இடுப்புல இருக்கு. நானும் வாரேன். நான் வந்தா இவளும் வருவா."

"அக்கா என்னையக் கொன்னுரும் மாமா! அதுவும் ட்ரிபிள்ஸ். போலீஸ் புடிச்சா?"

"புடிச்சா நான் பேசிக்கிறேன். வண்டியை எடு."

எழுபத்துமூன்று வயதில் ஒரு பைக்கில் மூன்றாவது ஆளாகப் போவது எப்படி என்று இன்னொரு வாரம் எழுதுகிறேன். இப்போதைக்கு, வேட்டி கட்டியவர்கள் முயற்சி செய்ய வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். தன்ஷிகா நடுவில் இருந்தாள். வழி முழுக்க என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வேகத்தடையில் நான் பின்னால் சரிந்தபோது மட்டும், திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

தெருவுக்குள் நுழைந்தபோது வாசலில் கார் நின்றது. டிக்கிக்குள் பெட்டியெல்லாம் ஏற்றியாகிவிட்டது. டிரைவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். செந்தில் புது பேன்ட் சட்டையில், காலில் வெறும் சாக்ஸோடு குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான்.

எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். சத்யா என்னைப் பார்த்த பார்வையில் இனி எனக்கு அந்தக் கஷாயம்கூடக் கிடைக்காது என்று தெரிந்தது.

"என்ன மாமா இப்படிப் பண்ணிட்டீங்க?"

சாவியை விக்னேஷிடம் கொடுத்தேன். அவன் ஓடிப்போய்ப் பையையும் ஷூவையும் எடுத்து வந்தான். யாரும் அவற்றை வாங்கவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கத்தப் போகிறாள், காலைக் கட்டிக்கொண்டு உருளப் போகிறாள், அவன் போகாமல் நின்றுவிடப் போகிறான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நானும்தான். வேலை போனால் அந்தப் பழி எனக்குத்தான்.

தன்ஷிகா மெதுவாக நடந்து அவன் முன்னால் போய் நின்றாள்.

"அப்பா."

"என்னம்மா?"

"நான் அழுதா நீங்க போகாம இருந்துருவீங்களா?"

செந்தில் சத்யாவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். தெருவிலேயே முழங்காலிட்டு உட்கார்ந்து அவள் முகத்துக்கு நேராக வந்தான்.

"இல்லம்மா. போயித்தான் ஆகணும்."

"நெசமாப் போயிருவீங்கள்ல?"

"போயிருவேன்மா."

"அப்ப அழுதுக்கிறேன்" என்றாள்.

அழுதாள். அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, வாய்விட்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி அழுதாள். செந்திலும் அழுதான். டிரைவர், யாரும் சொல்லாமலே, காரின் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார்.

எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. அவளாகவே விசும்பல் அடங்கி, நிமிர்ந்து, பாவாடையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போயிட்டு வாங்கப்பா" என்றாள்.

செந்தில் போனான்.